டெக்சாஸில் ஜட்ஜ் முன் பதிவுத் திருமணம், அதே ஜட்ஜ் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்: நடைமுறை என்ன?

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கேள்விகள். இரண்டிலும் ஜட்ஜ் வருவதால் ஒரே இழையில் கேட்கிறேன்.

முதலாவது: தம்பி ஹூஸ்டன் பக்கம் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எச்-1பி விசாவில் வேலை செய்கிறான். அவனுக்கு நிச்சயித்திருக்கும் பெண் டாலஸில் எஃப்-1 விசாவில் படிக்கிறார். ஊரில் முறைப்படியான கல்யாணம் வைகாசியில்தான். விசா வேலைகளுக்காக டிசம்பரிலேயே இங்கு ரிஜிஸ்டர் மேரேஜ் முடித்துவிடலாம் என்று இரு வீட்டிலும் பேசியிருக்கிறார்கள். எந்த ஜட்ஜிடம் போக வேண்டும்? கவுண்டி ஜட்ஜ், ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாட்சிகள் எத்தனை பேர்? தாலி அங்கேயே கட்டலாமா? 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அதை ஜட்ஜ் தள்ளுபடி செய்வாரா?

இரண்டாவது: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா ஜனவரியில். உள்ளூர் ஜட்ஜ் ஒருவரை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்ற வைத்து, புதிய நிர்வாகக் குழுவுக்கு உறுதிமொழியும் செய்து வைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். தமிழ்ப் பள்ளி நூலகத்துக்கு அன்றைக்கே நன்கொடை திரட்டுகிறோம். அழைப்பிதழில் அவர் பெயர் போடுவது, பொன்னாடை, வெள்ளிக் குத்துவிளக்கு நினைவுப்பரிசு, இதிலெல்லாம் ஏதாவது சிக்கல் உண்டா?

பிரசோஸ் ஆறு பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டாவதற்கு விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில் யார் எந்த ஜட்ஜ் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டி ஜட்ஜ். பெயரில் ஜட்ஜ் இருந்தாலும், பெரிய கவுண்டிகளில் இவர் வேலை பெரும்பாலும் நிர்வாகம்தான்: நான்கு கமிஷனர்களோடு சேர்ந்து கமிஷனர்ஸ் கோர்ட் என்ற கவுண்டி நிர்வாகக் குழுவை நடத்துவது, பட்ஜெட், புயல் வெள்ளக் காலத்தில் அவசரநிலை அறிவிப்பது. நம் ஊர்ப் பதவிகளில் தேடினால் மாவட்ட நீதிபதியைவிட மாவட்ட ஆட்சியருக்குத்தான் கொஞ்சம் நெருங்கி வரும், ஆனால் இவர் தேர்தலில் ஜெயித்து வருபவர். ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், சுருக்கமாக ஜேபி, வேறு ஆள். கவுண்டியைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்படுபவர். வாடகை வீட்டைக் காலி செய்யும் வழக்குகள், 20,000 டாலர் வரையிலான சிவில் வழக்குகள், அபராதம் மட்டுமே தண்டனையான சிறு குற்றங்கள் இவரிடம் வரும். வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த இரண்டு பதவிக்குமே இல்லை. இவர்களைத் தவிர டிஸ்ட்ரிக்ட் கோர்ட், கவுண்டி கோர்ட் அட் லா, நகராட்சி கோர்ட் நீதிபதிகள் இருக்கிறார்கள்.

கல்யாணம் நடத்தி வைக்க இவர்கள் எல்லோருக்குமே குடும்பச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. கோயில் குருக்களுக்கும் உண்டு, அவருடைய கோயில் நிர்வாகம் அவருக்குத் திருமணம் நடத்த அனுமதி கொடுத்திருந்தால். ஆகவே யாரிடம் போனாலும் சட்டப்படி ஒன்றுதான். நடைமுறையில் ஜேபி அலுவலகத்தில்தான் சுலபமாக நேரம் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நடத்தி வைக்க ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கிறதே தவிர, நடத்தியே ஆக வேண்டும் என்ற கடமை கிடையாது. சில ஜேபிக்கள் கல்யாணமே எடுப்பதில்லை. சிலர் வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும் வைத்திருப்பார்கள். திருமண லைசென்ஸ் (கல்யாணத்துக்கான அனுமதிச் சீட்டு) வாங்கப் போவதற்கு முன்பே அவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, நாள், கட்டணம், எத்தனை பேர் உள்ளே வரலாம் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். கட்டணம் ஜட்ஜுக்கு ஜட்ஜ் மாறும். அது கவுண்டி கஜானாவுக்குப் போகாமல் அவர் கைக்கே போகிற பணம், அதனால் பல இடங்களில் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள். அலுவலக நேரத்துக்கு அப்பால், அல்லது வெளியே மண்டபத்துக்கு வரச் சொன்னால் தொகை ஏறும்.

இனி லைசென்ஸ். உண்மையில் முக்கியமான காகிதம் இதுதான். இதைக் கொடுப்பது ஜட்ஜ் இல்லை, கவுண்டியின் பதிவாளரான கவுண்டி கிளர்க். இருவரும் நேரில் போக வேண்டும். டெக்சாஸில் எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் மாநிலம் முழுக்கச் செல்லும், மாநிலத்துக்கு வெளியே செல்லாது. கட்டணம் சுமார் 80 டாலர், கவுண்டிக்குக் கவுண்டி சற்று முன்பின். சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் எழுத வேண்டும். மாணவிக்கு இல்லையென்றால் இல்லை என்று சொன்னால் போதும், அதற்காக லைசென்ஸை நிறுத்த மாட்டார்கள்.

வாங்கிய நேரத்திலிருந்து 72 மணி நேரம் கழித்துத்தான் சடங்கு நடத்தலாம். லைசென்ஸில் மணி, நிமிடம் அச்சாகியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு வாங்கினால் திங்கள் மாலை 3 மணிக்கு மேல். திங்கள் காலை 10 மணிக்கு ஜேபியிடம் நேரம் வாங்கி வைத்துவிட்டு அங்கே போய் நிற்பவர்கள் உண்டு, திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேல் வரம்பு: 90ஆம் நாளுக்கு முன் நடத்தாவிட்டால் லைசென்ஸ் காலாவதி, மறுபடி பணம் கட்ட வேண்டும்.

72 மணி நேரத் தள்ளுபடியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தக்க காரணம் இருந்தால் ஜட்ஜ் எழுத்தில் தள்ளுபடி தரலாம், ஆனால் ஜேபியால் முடியாது. குடும்ப வழக்குகளை விசாரிக்கும் கோர்ட் நீதிபதி, கவுண்டி ஜட்ஜ், மேல்நிலை நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோர் மட்டும். ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பே இல்லை. 'டுகெதர் இன் டெக்சாஸ்' என்ற 8 மணி நேரத் திருமண முன்வகுப்பை முடித்துச் சான்றிதழ் காட்டினாலும் இல்லை, அதோடு லைசென்ஸ் கட்டணத்தில் 60 டாலரும் குறையும். டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்றால் தள்ளுபடிக்காக ஜட்ஜ் வாசலில் நிற்பதைவிட இந்த வகுப்பு மேல்.

சாட்சிகள் டெக்சாஸில் தேவையில்லை. சடங்குக்கு இன்ன வாசகம்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இருவரும் சம்மதம் என்று சொல்வதை ஜட்ஜ் கேட்டுக்கொள்வார், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தாலி கட்டலாம், மாலை மாற்றலாம், குறள் படிக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஒத்துழைப்பார்கள். கற்பூரம், விளக்கு மட்டும் கோர்ட் கட்டடத்துக்குள் வேண்டாம்.

தாமிரபரணி பதில்:

பிரசோஸ் ஆறு சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நம் ஆட்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் கேட்பதில்லை.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் இருவருக்கும் இடையே ரத்த உறவு உண்டா என்ற பகுதி இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கு டெக்சாஸில் லைசென்ஸ் கிடையாது. 2005இல் சட்டத்தைத் திருத்தி இந்த உறவையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். தாய்மாமன், அக்காள் மகள் உறவு அதற்கு முன்பிருந்தே தடை. அது திருமணம் நடந்திருந்தாலும் செல்லாது என்ற வகை. ஒன்றுவிட்ட அண்ணன் மகள், தாத்தாவின் தம்பி பேரன் போன்ற தூரத்து முறைகளுக்கு இந்தத் தடை இல்லை. விண்ணப்பத்தில் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறோம், "எங்க ஊர்ல இது முறைதான்" என்று உறவை மறைத்து எழுதினால் அது தனிக் குற்றம். இதை எந்த ஜட்ஜாலும் தள்ளுபடி செய்ய முடியாது. ஏற்கெனவே தமிழ்நாட்டில் முறைப்பெண்ணை மணந்து இங்கே வந்து வாழ்பவர்கள் கதை வேறு. குற்றவியல் சட்டமும் இதில் குறுக்கிடுவதால் பொது இழையில் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: விவாகரத்தானவராக இருந்தால், தீர்ப்பு வந்து 30 நாள் முடியாமல் வேறொருவரை மணக்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பை எழுதிய கோர்ட் மட்டும் இதைத் தளர்த்தலாம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

நன்றி. உறவு எதுவும் இல்லை, அந்த விஷயத்தில் பிரச்சினை இல்லை. லைசென்ஸ் டாலஸில் வாங்கி, கல்யாணம் ஃபோர்ட் பெண்டில் நடத்தலாமா? தம்பியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி, விசாவில் எஃப்என்யூ ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்திருக்கிறது. அது ஏதாவது செய்யுமா?

பிரசோஸ் ஆறு பதில்:

டாலஸில் வாங்கி ஃபோர்ட் பெண்டில் நடத்தலாம். ஆனால் கையெழுத்தான லைசென்ஸ் எந்தக் கிளர்க் கொடுத்தாரோ அவருக்கே திரும்பிப் போக வேண்டும், சடங்கு நடந்த கவுண்டிக்கு அல்ல. நடத்தி வைத்தவர் தேதி, கவுண்டி எழுதிக் கையொப்பமிட்டு 30 நாளுக்குள் அனுப்புவது அவர் பொறுப்பு. ஜேபி அலுவலகத்தில் தினம் தங்கள் கவுண்டி லைசென்ஸையே பார்க்கிறவர்கள், பழக்கதோஷத்தில் அதை ஃபோர்ட் பெண்ட் கிளர்க் தட்டில் போட்டுவிடுவார்கள். டாலஸ் முகவரி எழுதிய உறையில் தபால்தலை ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதைவிட எளிது, இருவரும் ஒரு நாள் ஃபோர்ட் பெண்டிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவது.

பெயர் விஷயம் பெரிது. தம்பியின் டிரைவிங் லைசென்ஸில் முதல் பெயராக எஃப்என்யூ என்றும், அவர் பெயர் முழுவதும் கடைசிப் பெயராகவும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். கவுண்டி கிளர்க் அலுவலகத்தில் கையில் கொடுக்கும் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வார்கள். எஃப்என்யூ திருமணச் சான்றிதழில் ஏறிவிடும், பிறகு இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்க்கும்போது "இவர் யார்" என்று நிற்கும். அதனால் டிரைவிங் லைசென்ஸை எடுக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். திரையில் காட்டும்போது எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே சத்தியம் செய்யுங்கள். கையெழுத்தான பிறகு திருத்துவது என்றால் நோட்டரி முன் பிரமாணம், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

பெண் பெயரை மாற்றிக்கொள்கிறாரா என்பதை லைசென்ஸில் கலக்க வேண்டாம். அதில் அவருடைய இப்போதைய பாஸ்போர்ட் பெயரே இருக்கட்டும். மாற்றம் பிறகு, சான்றிதழைக் காட்டித் தனியாகச் செய்வது.

நொய்யல் பதில்:

சான்றிதழ் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜேபி அலுவலகத்தில் சில சமயம் ஓரம் அலங்கரித்த அழகான தாள் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், விசாவுக்கு உதவாது. கிளர்க் பதிவு செய்த பிறகு அவர் முத்திரையோடு தரும் சான்றிட்ட நகல்தான் ஆவணம். மாநிலச் சுகாதாரத் துறை தருவது திருமணம் நடந்ததை உறுதி செய்யும் கடிதம் மட்டும், அதுவும் இதற்கு மாற்றாகாது. மூன்று நகலாவது வாங்கிவிடுங்கள்: எச்-4 (எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கான விசா) மாற்ற விண்ணப்பத்துக்கு, இந்தியாவுக்கு, கையில் ஒன்று.

இந்தியாவுக்குப் போகும் நகலுக்கு அபோஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக மாநில அரசு இணைக்கும் சான்று) தேவை. ஆஸ்டினில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், ஆவணத்துக்கு 15 டாலர். எந்த நாட்டுக்கு என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். வீட்டில் ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி முத்திரை வைத்து அனுப்பினால் வேலைக்காகாது, கிளர்க் கையொப்பமிட்ட மூலநகலே போக வேண்டும். நகலைப் பிரித்து ஸ்கேன் செய்து மறுபடி பின் அடித்தாலும் கேள்வி வரும், தொடாமல் அனுப்புங்கள்.

வைகாசிக் கல்யாணம் பற்றி: சட்டப்படி அவர்கள் டிசம்பரிலேயே கணவன் மனைவி. லைசென்ஸ் வாங்கிய நாள் அல்ல, சடங்கு நடந்த நாள்தான் திருமண நாள். எல்லா விசாப் படிவத்திலும் அதே தேதி. ஊரில் மண்டபத்தில் நடப்பதைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் புதிய திருமணமாகப் பதிவு செய்தால் ஒரே ஜோடிக்கு இரண்டு திருமண நாள், இரண்டு சான்றிதழ். பின்னால் கிரீன் கார்டு நேர்காணலில் இரண்டையும் மேசையில் வைத்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் "ஊர்லயும் ஒரு ரிஜிஸ்டர் பண்ணிடலாமே" என்பார்கள். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரிசல் பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சங்க விழாக்களில் இது வருடாவருடம் எழும் பிரச்சினை.

முதலில் உறுதிமொழி. ஜட்ஜ் செய்து வைத்தால் படம் நன்றாக வரும், சட்ட மதிப்பு ஒன்றும் கூடாது. சங்கத்தின் துணைவிதிகளில் நிர்வாகக் குழு எப்படிப் பதவியேற்க வேண்டும் என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து இரண்டு வாரம் முன்பே அவர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மேடையில் முதல்முறை பார்த்துத் திணற விடாதீர்கள்.

நன்கொடை. டெக்சாஸ் நீதித்துறை நடத்தை விதிகளின் 4ஆம் பிரிவில் இது நேரடியாகவே இருக்கிறது. அறக்கட்டளை, கல்வி, மத, குடிமை அமைப்புகளுக்காக ஜட்ஜ் பணம் கேட்கக்கூடாது. ஆனால் நிதி திரட்டும் விழாவில் பேச்சாளராகவோ சிறப்பு விருந்தினராகவோ இருக்கலாம். டெக்சாஸ் தாராளம்தான், வேறு பல மாநிலங்களில் கயிறு இன்னும் இறுக்கம். ஆக அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் என்று பெயர் போடலாம். "நீதிபதி அவர்கள் உங்களை நன்கொடை வழங்க அழைக்கிறார்" என்ற தொனி எங்கும் வரக்கூடாது. நன்கொடைக் கடிதத்தின் கீழே அவர் கையெழுத்து, ஏலத்தை அவர் நடத்துவது, கொடுத்தவர் பெயர்ப் பட்டியலை அவர் வாயால் படிக்கச் சொல்வது எல்லாமே எல்லை மீறல். பெரும்பாலும் தவறு நடக்கிற இடம் தொகுப்பாளர்தான்: உற்சாகத்தில் மைக்கை ஜட்ஜ் கையில் கொடுத்து "நூலகத்துக்காக நீங்களும் ரெண்டு வார்த்தை" என்பார். நிகழ்ச்சி நிரலில் அவர் பேச்சு முதலில், நன்கொடை வேண்டுகோள் இடைவேளைக்குப் பின் என்று வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்பான்சர்கள் இன்னொரு குழி. ரியல் எஸ்டேட்காரரும் இன்சூரன்ஸ்காரரும் ஜட்ஜ் பக்கத்தில் நின்று படம் எடுத்து மறுநாள் விளம்பரத்தில் போடுவார்கள். பதவியின் மதிப்பைத் தனியார் லாபத்துக்குக் கொடுக்கக்கூடாது என்ற விதி ஜட்ஜைக் கட்டுப்படுத்துவது. அவரைச் சங்கடத்தில் தள்ளினால் அடுத்த வருடம் வர மாட்டார். ஸ்பான்சர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

பரிசு. கல்யாணத்துக்குக் கவர் கொடுக்கலாம், பொங்கல் மேடையில் கொடுக்கக்கூடாது. வேடிக்கையாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான். திருமணம் நடத்திவைக்கும் கட்டணம் ஜட்ஜ் வாங்க அனுமதிக்கப்பட்டது. பதவி காரணமாகவே அழைத்துப் பேச வைத்துவிட்டு அதற்கு மதிப்பூதியம் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 36.07 பிரிவில் குற்றம், வாங்குபவருக்கு. விருந்து சாப்பிட வைக்கலாம், அதில் தவறில்லை. பொருளாக என்றால் 50 டாலருக்குக் குறைந்த நினைவுப்பரிசுக்கு விலக்கு உண்டு, ரொக்கமும் காசோலையும் கிஃப்ட் கார்டும் இதில் அடங்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாடை, மாலை, தமிழ் நூல் ஒன்று, தாராளமாக. வெள்ளிக் குத்துவிளக்கு வேண்டாம், பித்தளையில் சின்னதாக ஒன்று போதும். சங்கத்துக்கோ நிர்வாகிகளுக்கோ அந்தக் கோர்ட்டில் வழக்கு ஏதாவது இருந்தால் அந்தப் பித்தளை விளக்கும் வேண்டாம். அழைப்பதற்கே வேறு ஆளைப் பாருங்கள்.

எந்த ஜட்ஜ் என்பதையும் யோசியுங்கள். கவுண்டியின் பொங்கல் பிரகடனம் வாங்குவதுதான் நோக்கம் என்றால் ஜேபியிடம் கேட்டுப் பயனில்லை, அது கவுண்டி ஜட்ஜும் கமிஷனர்ஸ் கோர்ட்டும் தருவது. ஒரு பக்கத்துக்கு மிகாத வரைவு, சங்கத்தின் சரியான சட்டப் பெயர், தேதி இவற்றோடு ஆறேழு வாரம் முன்பே அனுப்புங்கள். கூட்ட நிரலில் ஏற வேண்டும், டிசம்பர் கடைசியில் அலுவலகங்கள் பாதி ஆளோடுதான் ஓடும். வரைவில் "தமிழர் திருநாள்", தை முதல் நாள், உழவு என்று நீங்களே எழுதிக் கொடுக்காவிட்டால் "தென்னிந்திய அறுவடைப் பண்டிகை" என்று பொதுவாக ஒன்று வந்து சேரும்.

வைகை நீர் பதில்:

கரிசல் தேர்தலை விட்டுவிட்டார். டெக்சாஸில் பெரும்பாலான ஜட்ஜுகள் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்பவர்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் முதல் செவ்வாய் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்), 2026இல் அது மார்ச் 3. கவுண்டி ஜட்ஜ் பதவிக்கு 2018, 2022, 2026 என்று நான்காண்டுக்கு ஒருமுறை. அப்படியென்றால் அந்த ஆண்டின் பொங்கல் நடுப் பிரசாரத்தில் வருகிறது. தீபாவளியோ நவம்பர் வாக்குப்பதிவை ஒட்டி. ஜட்ஜின் அலுவலகம் உடனே சம்மதித்தால் நம் பொங்கல் மேல் உள்ள ஆசை மட்டும் காரணமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

உங்கள் சங்கம் 501(சி)(3) வரிவிலக்கு அமைப்பாக இருந்தால், எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ செயல்பட முழுத் தடை. ஜட்ஜைப் பதவியில் இருப்பவர் என்ற முறையில் அழைக்கலாம். அறிமுகத்தில் தேர்தலில் நிற்கிறார் என்று சொல்லக்கூடாது, மேடையில் வாக்குக் கேட்கக்கூடாது, மண்டபத்துக்குள் துண்டறிக்கை கூடாது. அழைப்புக் கடிதத்திலேயே மரியாதையாக எழுதிவிடுங்கள்: மூன்று நிமிட வாழ்த்துரை, பிரசாரம் தவிர்க்க வேண்டுகிறோம் என்று. எதிர்த்து நிற்பவர் டிக்கெட் வாங்கி வந்தால் வாசலில் தடுக்காதீர்கள், அவரும் விருந்தினர். அவரை வேட்பாளராக மேடையேற்றினால் மற்றவருக்கும் அதே வாய்ப்பு, அதே நிமிடம்.

கரிசலோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நிதி திரட்டும் விழாவில் விருந்தினராக விதி அனுமதித்தாலும், தேர்தல் ஆண்டில் நன்கொடையையும் ஜட்ஜையும் ஒரே நாளில் வைக்காமல் இருப்பதே நல்லது. நூலக நிதியைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தள்ளுங்கள்.

கரிசல் பதில்:

அனுமதிக்கப்பட்டதை எதற்குத் தள்ள வேண்டும்? பொங்கலுக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூடப் பள்ளி விழாவுக்கு வராது, நூலகம் அடுத்த பொங்கல் வரை பேச்சாகவே நிற்கும். தேர்தலில் நிற்காத நகராட்சி நீதிபதியோ ஓய்வுபெற்ற ஜேபியோ கிடைத்தால் இந்தச் சிக்கல் முழுக்கப் போய்விடும். ஓய்வுபெற்ற ஜேபி கல்யாணமும் நடத்தி வைக்கலாம் என்பதால் கொள்ளிடக்கரைக்கு இரண்டு வேலையும் ஒருவரிடமே முடியும்.

தாமிரபரணி பதில்:

ஒரே ஒரு சேர்க்கை. ஒருவரே இரண்டுக்கும் என்றால் கல்யாணக் கட்டணத்தைத் தம்பி தன் கையிலிருந்து தனியாகக் கொடுக்கட்டும். சங்கக் கணக்கிலிருந்து போனால் அது விழாவுக்குக் கொடுத்த மதிப்பூதியம் மாதிரி தெரியும். இரண்டு நிகழ்ச்சிக்கும் மின்னஞ்சல்களைக்கூட ஒரே இழையில் கலக்காதீர்கள். அழைப்பிதழில் பெயருக்கு முன் "மாண்பமை" போடுங்கள், பதவியைச் சரியாக எழுதுங்கள். ஜேபியைக் கவுண்டி ஜட்ஜ் என்று அச்சடித்த பதாகையைக் கடைசி நாளில் மாற்ற எந்த அச்சகமும் ஒத்துக்கொள்ளாது.